மெட்டுக்குத் துணை

பாட்டுக் கட்டும் வித்தையைக் கல்லூரியில் கற்க இயலுமா என்று ஐயுறுவோர் நம்மிடையே பலர். அது பிறவியிலேயே வருவது, குருமுகமாக வளர்வது என்பதுதான் நாம் வழிவழியாகக் கேட்ட சொல். ஆயினும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1945-ஆம் ஆண்டு லாரன்ஸ் பெர்க் என்பவர் தொடங்கிய சிறு பள்ளி, ஜாஸ் முதலிய அக்காலத்து இசையையே பாடமாக்கியது. 1954-இல் அது பெர்க்லி என்னும் பெயர் பெற்றது, 1970-இல் கல்லூரியாயிற்று. பாடல் இயற்றுவதும், இயற்றிய பாடலைப் பல வாத்தியங்களுக்குப் பங்கிட்டு அமைப்பதும் அங்கே பட்டப் படிப்பில் இடம் பெற்றுள்ளன. ஏ. ஆர். ரஹ்மானுக்கு 2014-இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்ததும் இக்கல்லூரியே. அவர் 2008-இல் சென்னையில் நிறுவிய கே. எம். இசைக் கல்லூரியிலும் மேற்கத்திய இசை முறையாகக் கற்பிக்கப்படுகிறது.

மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டில் ஸரளி வரிசை பாடுகிறார்கள். பள்ளியில் கிடார் மீட்டுகிறார்கள். இவ்விரு பயிற்சிகளும் ஒன்றுக்கொன்று உதவுமா, பகையாகுமா? இத்துறையில் மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர் முதல் ஆண்டிலேயே இக்கேள்வியை எதிர்கொள்கிறார்.

முதலில் பாட்டின் உருவத்தைப் பார்ப்போம். நமது கீர்த்தனையில் பல்லவி முதலில் வந்து, பின்னர் திரும்பத் திரும்ப வருகிறது. இக்காலத்து ஆங்கிலப் பாடல்களிலோ பெரும்பாலும் சரணம் போன்ற பகுதி கதையைத் தொடங்கி வைக்க, பல்லவி போன்ற ‘கோரஸ்’ அதன்பின் வருகிறது. கேட்பவரைக் காக்க வைப்பதே அதன் சூட்சுமம். சொல்லையும் தாளத்தையும் பொருத்துவதில் வேற்றுமை இன்னும் ஆழமானது. ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் விழும் அசை, தாளத்தின் வலிய இடத்தில் அமைய வேண்டும் என்பது அங்கே முதற்பாடம். தமிழுக்கு அழுத்தத்தைவிட அளவே உயிர். குறிலை நீட்டிவிட்டால் ‘கல்’ ‘கால்’ ஆகும். ‘படு’ ‘பாடு’ ஆகும். எதுகை, மோனை அறிந்த மாணவருக்கு அடியின் இறுதியில் ஒலியைப் பொருத்தும் ஆங்கில முறை எளிதில் கைவரும். நம் இலக்கணத்தில் அதற்கு இயைபு என்று பெயரே உண்டு.

அடுத்தது வாத்தியங்களுக்கு இசை வகுப்பது. இதில் கணக்கு வேலை சிறிது உண்டு. பி-ஃபிளாட் கிளாரினெட், எழுதிய ஸ்வரத்தைவிட ஒரு முழு ஸ்வரம் தாழ்வாக ஒலிக்கும். ஆகையால் அதற்கு ஒரு முழு ஸ்வரம் உயர்த்தி எழுத வேண்டும். மந்திர ஸ்தாயியில் ஸ்வரங்களை நெருக்கி அடுக்கினால் ஓசை கலங்கிவிடும். கீழே விலகலும் மேலே நெருக்கமும் வேண்டும். பாடகர் வாய் திறக்கும் இடத்தில் வயலின்கள் ஒதுங்கி நிற்கவேண்டும். நான்கு குரல்களுக்கு எழுதும் பயிற்சியில் இரு குரல்கள் பஞ்சம இடைவெளியிலேயே சேர்ந்து நகர்வது குற்றமென்று ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். அதே மாணவர் மாலையில் கேட்கும் ராக் கிடாரோ அக்குற்றத்தையே தொழிலாகக் கொண்டிருக்கும்!

உண்மையான சிக்கல் இனிமேல்தான். மேற்கத்திய இசையில் மெட்டுக்கு அடியில் ஸ்வரக் கூட்டுக்கள் நடக்கின்றன. ஒரு ஸ்வரம், அதற்கு மூன்றாவது, ஐந்தாவது என மூன்றும் சேர்ந்து ஒலிப்பது ஒரு கூட்டு. சங்கராபரணத்தில் ஸட்ஜம், மத்யமம், பஞ்சமம் ஆகிய மூன்றன்மேலும் ஒரே வகையான நிறைந்த கூட்டுக்கள் அமைகின்றன. பஞ்சமக் கூட்டிலிருந்து ஸட்ஜக் கூட்டுக்குத் திரும்பும்போது வீடு வந்து சேர்ந்த உணர்வு உண்டாகிறது. மேற்கத்திய இசையின் பெரும் பகுதி இந்த வீடு திரும்புதலின்மேல் கட்டப்பட்டது.

நம் பிள்ளைகள் முதலில் பாடும் மாயாமாளவகௌளையில் இது நடவாது. அங்கே பஞ்சமத்துக்கு ஐந்தாவதாக நிற்பது சுத்த ரிஷபம். அது அரை ஸ்வரம் குறைந்து கூட்டைக் கோணலாக்குகிறது. ஆனால் அந்த ரிஷபத்தின்மேலேயே நிறைந்த கூட்டு ஒன்று கிடைக்கிறது: ரிஷபம், மத்யமம், தைவதம். அதிலிருந்து ஸட்ஜக் கூட்டுக்கு ஒரு படி இறங்கினால் வீடு வந்துவிடுகிறது. ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கிடார்க் கலைஞர் நெடுங்காலமாகச் செல்லும் வழியும் இதுவே. ஆகவே ராகத்தை வளைக்காமல், ராகமே காட்டும் வாசலைத் தேடிப் பார்ப்பது நல்லது.

கமகத்துக்கு இவ்வளவு எளிய விடை இல்லை. தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டேயிருப்பது. கீபோர்டின் காந்தாரமோ ஆணி அடித்தாற்போல் நிற்பது. இரண்டும் ஒருங்கே ஒலித்தால் காது கூசும். காந்தாரத்தைக் கூட்டிலிருந்து நீக்கிவிட்டு, ஸட்ஜ பஞ்சமங்களை மட்டும் தம்பூராவைப்போல நிறுத்துவது ஒரு வழி. அகில இந்திய வானொலி 1952-இல் வாத்திய விருந்தாவை அமைத்து, ரவிசங்கரையும் டி. கே. ஜெயராம ஐயரையும் அதை நடத்தச் செய்த நாளிலிருந்தே, பல வாத்தியங்களை ராகத்துக்கு ஊறின்றி இணைப்பது எப்படி என்னும் கேள்வி நம் நாட்டில் தொடர்ந்து வருகிறது.

இப்படிப்பில் சேர விரும்புவோர் ஐந்து கோட்டு இசைக்குறியைப் படிக்கவும், கீபோர்டில் எளிய கூட்டுக்களை வாசிக்கவும் முன்னரே பழகிக்கொள்வது நலம். தமக்குத் தெரிந்த ஒரு கீதத்தை அக்குறியில் எழுதிப் பார்ப்பது தக்க பயிற்சி. கமகத்தை எழுத வழியின்றி எங்கெங்கே பேனா நிற்கிறதோ, அங்கங்கே பின்னணிக் கூட்டு வேண்டாம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.