கால் போனது, கை இருந்தது!

ஏலகிரி மலைக்குப் போக 14 கொண்டை ஊசி வளைவுகள். இன்று பஸ் போகிறது, கார் போகிறது. ரோடு இல்லாத நாளில் மலைவாசிகள் தலைச்சுமையோடு நடந்தே ஏறி இறங்கினார்கள். மலையில் இருப்பவருக்குக் காலே சொத்து.

மலைக்குக் கீழே வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு. தோலுக்குப் பேர்போன ஊர்கள். தோல் பதனிடுகிறவர், ஷூ தைக்கிறவர், பீடி சுற்றுகிறவர் எல்லோருக்கும் கையே சொத்து.

கையும் காலும் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டால்? நோய் வந்து விரல்கள் மடங்கிவிட்டால்? உடம்பு ஒரு பக்கம் வதைக்கும். பசி இன்னொரு பக்கம் வதைக்கும். அப்போது எந்த மதத்தவர் வாயிலும் ஒரே கேள்விதான் வரும்: "கடவுள் இருக்கிறாரா? இருந்தால் எனக்கு ஏன் இப்படி?"

அந்தக் கேள்விக்கு எதிரே ஒரு பெண் நின்றார். நின்றார் என்று சொல்வதுகூடத் தப்பு. அவரால் நிற்கவே முடியாது. அவர் பெயர் டாக்டர் மேரி வர்கீஸ்.

வேலூர் வந்த பெண்

ஏலகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் வேலூர். அங்கே அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி திறந்தார். அதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

கேரளத்தில் கொச்சிப் பகுதியில் 1925இல் பிறந்த மேரி, அந்தக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பக்தியுள்ள சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். பெண்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

1954ஆம் ஆண்டு ஜனவரி 30. இளம் டாக்டர்கள் சிலர் சேர்ந்து வண்டியில் வெளியூர் கிளம்பினார்கள். வழியில் விபத்து. மேரியின் முகத்தில் பலத்த காயம். அதைவிடக் கொடிய அடி முதுகில். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. வயது இருபத்தெட்டு. இனி நடக்க முடியாது.

நேற்றுவரை நோயாளியின் கட்டிலருகே நின்றவர், இன்று தாமே கட்டிலில் கிடந்தார். மாதக்கணக்கில் வேதனை. நண்பர்கள் ஜெபித்தார்கள்; அவரும் ஜெபித்தார். கால் திரும்ப வரவில்லை.

பக்திக் கதைகளில் இந்த இடத்தில் அற்புதம் நடக்கும். இங்கே நடக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஜெபித்தும் குணமாகாதவர்கள்தான் உலகில் அதிகம். அவர்களுக்கு விசுவாசம் என்ன செய்யும் என்பதுதான் நம் கேள்வி.

யார் செய்த பாவம்?

துன்பம் வந்தவரைப் பார்த்து, "என்ன பாவம் செய்தாரோ!" என்று சொல்வது ஊர் வழக்கம். பைபிளில் யோபு என்ற நல்லவர் சொத்தை இழக்கிறார், பிள்ளைகளை இழக்கிறார், உடம்பெல்லாம் புண்ணாகிறது. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களும் அவரைக் குற்றவாளி ஆக்கவே பார்க்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்கள் மேல்தான்.

பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, "இது யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் இயேசுவைக் கேட்ட கதையும் உண்டு. யார் பாவமும் இல்லை என்றார் அவர். காரணம் தேடிக்கொண்டு நிற்காமல், அவனுக்குக் கண் தருகிற வேலையைப் பார்த்தார். வேலூரில் நடந்ததும் இந்த வழியில்தான்.

கொல்லிமலைப் பிள்ளை

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். வெள்ளைக்காரர், ஆனால் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மலைமக்களுக்கு ஊழியம் செய்த அவர் தந்தை 1929இல் அங்கேயே காய்ச்சலில் மாண்டார். தாய் எவெலின் இந்த நாட்டைக் கைவிடவில்லை. முதுமையிலும் மலைமக்களுக்கு ஊழியம் செய்து, 1974இல் 95ஆம் வயதில் கண் மூடினார்.

பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை என்று கண்டார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாமல் போகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணி குத்தினாலும் தெரியாது. காயம் புண்ணாகி, புண் விரலையே தின்றுவிடுகிறது. வலி என்பது உடம்பைக் காக்கும் காவல்காரன் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னார் பிராண்ட்.

மடங்கிய விரல்களை நிமிர்த்தவும் வழி கண்டார். கையில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைத்துத் தைத்தார். விரல் மீண்டும் அசைந்தது!

ஆனால் குணமானவர்கள் சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். முன்பு மடங்கிய கையைப் பார்த்து ஜனங்கள் பிச்சை போட்டார்களாம். இப்போது கை நேராகிவிட்டது, பிச்சை விழவில்லை. தொழுநோய் வந்தவருக்கு வேலை கொடுக்கவும் ஆள் இல்லை. ஆபரேஷன் செய்த கைக்குச் சோற்றுக்கும் வழி வேண்டுமே! அதனால் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகள் கட்டி 'நவஜீவ நிலையம்' தொடங்கினார்கள். மரவேலை, பொம்மை செய்தல் முதலிய தொழில்களைக் கற்றுக் கொடுத்தார்கள்.

இக்காலத்தில் தொழுநோய் கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இலவசம்.

உட்கார்ந்தபடியே ஆபரேஷன்

படுக்கையில் இருந்த மேரியிடம் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். வயிற்று ஆபரேஷன் என்றால் நிற்க வேண்டும். கைக்கு ஆபரேஷன் செய்ய உட்கார்ந்தாலே போதும். கால் போனால் என்ன? மேரிக்குக் கை இருக்கிறதே!

மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறைக்குள் போனார். தாம் நடக்க முடியாத ஒருவர், பிறர் கையை நிமிர்த்தினார். அவர் வார்டில் வலம் வரும்போது நோயாளிகளின் முகம் மலரும். "நம்மைவிட அதிகம் இழந்தவர் இந்த அம்மா. அவரே வேலை செய்கிறார் என்றால் நாம் ஏன் செய்யக்கூடாது?" என்ற துணிவு அவர்களுக்கு வந்தது. எந்தப் பிரசங்கமும் தராத துணிவு அது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். பாதி இடிந்த சுவரில் சித்திரம் எழுதினார் மேரி.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சென்று, முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு மறுவாழ்வு தரும் முறையைத் தம் உடம்பிலேயே பழகினார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் அதையே பாடமாகப் படித்தார். வேலூர் திரும்பி அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய நிலையம் இந்தியாவில் அதுவே முதல். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986இல் காலமானார்.

இன்றும் வருகிறார்கள்

மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், ரோடு விபத்தில் அடிபட்டவர் இன்றும் பாகாயம் வருகிறார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், படுக்கைப் புண் வராமல் உடம்பைக் காக்கவும், மீண்டும் நாலு காசு சம்பாதிக்கவும் கற்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் அங்கே இல்லை.

"எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு மேரிக்குப் பதில் கிடைத்ததா? யாருக்குத் தெரியும்! "மிச்சம் இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதிலை ஒரு கட்டடமாகவே கட்டி வைத்துவிட்டுப் போனார்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவர்கள் ஆண்டுதோறும் அங்கே ஒன்றுகூடுகிறார்கள். 'ரீஹாப் மேளா' என்று பெயர். உடம்பைச் சோதித்துக்கொள்கிறார்கள், விளையாட்டுப் போட்டியும் உண்டு. அன்று வளாகம் எங்கும் சக்கர நாற்காலிகள். திருவிழாதான், போங்கள்!