வெட்டாத வாய்க்கால்

கல்லணையில் நின்று காவேரியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றாக வந்த ஆறு அங்கே காவேரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து போகிறது. மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, அவற்றிலிருந்து வாய்க்கால்கள், கடைசியில் வயலுக்கு மடை. "இத்தனையும் யார் வெட்டியது?" என்று குழந்தை கேட்டால் கரிகாலன் காலத்திலிருந்து கதை சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தக் குழந்தையின் உடம்புக்குள் ஓடுகிற ரத்த வாய்க்கால்களை யார் வெட்டினார்கள்?

தாயின் ரத்தமே நேராகக் குழந்தைக்குள் ஓடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. நஞ்சில் ஒரு மெல்லிய தடுப்புக்கு இரு பக்கமும் இருவர் ரத்தமும் தனித் தனியே ஓடுகின்றன. ஆகாரமும் பிராணவாயுவும் தடுப்பின் வழியே கசிந்து குழந்தைக்குச் சேருகின்றன. தன் ரத்தக் குழாய்களைக் குழந்தை தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கருத்தரித்த மூன்றாவது வாரத்திலேயே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்கு அப்போது தெரிந்திராது!

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோழி முட்டையைத்தான் நாட வேண்டும். சைவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சமையலுக்கு அல்ல, சாஸ்திரத்துக்கு! அடைகாத்த மூன்றாம் நாள் முட்டைக்குள் சிவப்பு நூலால் பின்னிய வலைபோல ரத்தக் குழாய்கள் தெரியும். அவை தோன்றும் நேரத்தையே பிடித்துவிட வேண்டும் என்று விடிய விடிய மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருந்தார் ஒரு பெண்மணி. அவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் சேபின். கண்டதை 1920-ல் விவரமாக எழுதினார்.

அப்படி என்ன நடக்கிறது? ஆரம்பத்தில் குழாயும் இல்லை, ரத்தமும் இல்லை. உதிரி உதிரியாக இருந்த ஜீவ அணுக்கள், அதாவது 'ஸெல்'கள், கூட்டம் கூடுகின்றன. கைகோத்துக் கயிறுபோல நீளுகின்றன. பிறகுதான் அதிசயம்: கயிற்றின் நடுவில் துவாரம் விழுகிறது. அடுத்தடுத்த ஸெல்கள் உள்பக்கத்தில் ஒரே மாதிரி மின்சக்தி உள்ள பூச்சைப் பூசிக்கொள்கின்றன. காந்தத்தின் ஒரே முனைகள் ஒன்றையொன்று தள்ளுவதுபோல, அவை நடுவில் விலகி வழி விடுகின்றன. வேறு சில இடங்களில் ஸெல்லுக்குள்ளேயே சிறு கொப்புளங்கள் தோன்றி, ஒன்று சேர்ந்து துவாரமாகின்றன. ஆக, இங்கே மண்ணை வெட்டி எறிகிறவர் யாருமில்லை. கரைகளே கூடி, கரைகளே விலகி, வாய்க்கால் ஆகிவிடுகின்றன!

சரி, எந்தப் பக்கம் போவது என்று வாய்க்காலுக்கு யார் சொல்கிறார்கள்? கடைமடைதான்! மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்னும் வரவில்லையே என்று நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகள் குரல் கொடுப்பார்கள் அல்லவா? அதுபோலப் பிராணவாயு போதாத இடத்து ஸெல்கள் ஒரு புரதத்தைக் கசியவிடுகின்றன. 1989-ல் அடையாளம் கண்ட அதற்கு 'வி.இ.ஜி.எஃப்.' என்று பெயர். அந்த அழைப்பு கேட்டதும் பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு ஸெல் விரல் நீட்டித் தடவிக்கொண்டு முன்னே போகிறது. மற்றவை பின்தொடர்ந்து குழாய் கட்டுகின்றன. ரத்தம் பாய்கிற குழாய் நிலைக்கிறது. பாயாதது, தூர்ந்த வாய்க்கால்போல மறைகிறது.

அழைப்பு குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. இது குறைமாதக் குழந்தைகளைப் பெற்ற தாய்மார் அவசியம் அறிய வேண்டிய விஷயம்.

கண்ணின் பின்புறத்து விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் 16-வது வாரத்தில் புறப்பட்டு, ஏறக்குறைய 40-வது வாரத்தில்தான் ஓரத்தை எட்டுகின்றன. குழந்தை முன்னதாகவே பிறந்துவிட்டால்? வெளியுலகில் பிராணவாயு அதிகம். அழைப்பு ஓய்ந்து குழாய்கள் பாதி வழியில் நிற்கின்றன. சில வாரம் கழித்து வளரும் விழித்திரை பட்டினியால் கூக்குரல் இடுகிறது. அப்போது குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, கசிந்து, விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடக்கூடும். 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் மேல்நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாகப் பிராணவாயு கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தன. காரணம் பிராணவாயுவாக இருக்கலாம் என்று 1951-ல் எழுதியவரும் ஒரு பெண்மணியே: மெல்போர்ன் டாக்டர் கேட் காம்ப்பெல். அதற்காகப் பிராணவாயு வேண்டாம் என்பதல்ல. இன்று அதை அளந்து கொடுக்கிறார்கள்.

தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் சரி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் சரி, 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், பிறந்தபோது 2 கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைக்கும் 30 நாளுக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். மிகச் சிறிய குழந்தையானால் இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். "குழந்தை விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறதே, கண் நன்றாகத்தானே இருக்கிறது!" என்று பாட்டி சொல்வாள். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். காலத்தில் கண்டுவிட்டால் லேசர் சிகிச்சை உண்டு. மிஞ்சிய புரதத்தை அடக்கும் ஊசியும் உண்டு. காலம் தப்பினால் போன பார்வையை மீட்பது மிகக் கடினம்.

ஆகையால், புண்ணியாகவாசனத்துக்கும் தொட்டில் போடுவதற்கும் காலண்டரில் நாள் குறிக்கும்போது, குறைமாதக் குழந்தையின் 30-ம் நாளுக்கு முன்னால் இன்னொரு நாளையும் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். அதற்கு ராகு காலம், எமகண்டம் பார்க்க வேண்டாம்!