முதுமைக்கு எந்தக் கணக்கு?

கை கால் ஓய்ந்த பின் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையிலேயே நம்மில் பலர் காலம் கடத்துகிறோம். பிள்ளைகளோ தம் குடும்பச் சுமையைத் தாங்கவே திண்டாடுகின்றனர். முதுமைக்கெனச் சேமிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்தக் கணக்கில் என்பதே கேள்வி.

தனியார் துறையில் தொழில் புரிவோருக்கு இரு கணக்குகளைச் சட்டமே ஏற்படுத்தியுள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். மாதம் 50,000 ரூபா சம்பளம் பெறுபவரின் பெயரில் 10,000 ரூபா சேரும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 சதவீதம், அதாவது 1,500 ரூபா செலுத்த வேண்டும்.

இவ்விரண்டின் பூட்டுகளும் வெவ்வேறானவை. சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே பெறலாம். நம்பிக்கை நிதியையோ வேலையிலிருந்து விலகுவோர் ஐந்தாண்டுக்கு ஒரு தடவை பெறலாம். ஆகவே இடைக்காலத் தேவைக்குப் பின்னதை நாடுங்கள். முன்னதை முதுமைக்கு விட்டுவையுங்கள்.

திருமணத்துக்காக வேலையை விடும் பெண் தன் சேமலாப நிதியைப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. சகோதரிகளே, உரிமை உண்டு என்பதற்காக எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்தது கலியாண வீட்டுச் செலவில் ஒரே வாரத்தில் கரைந்துவிடும்.

கடை நடத்துவோருக்கும் வீட்டிலிருந்து தையல் தொழில் செய்வோருக்கும் தொழில்தருநர் இல்லை. அவர்கள் நம்பிக்கை நிதியில் சுயதொழிலாளராகச் சேரலாம். சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம்.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு முழாரபா கணக்கு உண்டு. இலாபத்தைப் பங்கிடும் விகிதம் முன்கூட்டியே பேசப்படும், தொகைக்கு உறுதியில்லை. வாக்களித்த நிலையான வருமானத்தை எதிர்பார்த்து இதில் சேரக் கூடாது. மார்க்கச் சந்தேகங்களை உலமாக்களிடம் கேட்டறியுங்கள். ஆனால், வட்டிக்கு அஞ்சிச் சேமிப்பையே கைவிடுவது புத்திசாலித்தனமல்ல.

எந்தக் கணக்காயினும் இரு விடயங்களை இன்றே பாருங்கள்: பணம் ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா? உங்கள் மரணத்தின் பின் அதைப் பெறுபவராக யார் பெயர் பதிவாகியுள்ளது?