ஜீப்பைத் தூக்கிக் கட்டினால் போதுமா? ஏரியூர் மேடு பள்ளத்துக்கு ஒரு ஸ்பிரிங் கணக்கு

ஏரியூர்,

தர்மபுரி மாவட்டம் ஏரியூர் வட்டாரத்தில் ஒரு பக்கம் மலை. மறுபக்கம் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். தண்ணீர் வற்றினால் நாகமரை பக்கம் வண்டல் சேறு. மலைப்பக்கம் போனால் கல்லும் முள்ளும்.

இதே பென்னாகரம் பகுதியில் உள்ள கோட்டூர் மலைக்கு, 2021 சட்டசபைத் தேர்தலின்போது ஓட்டு எந்திரங்கள் கழுதை மேல்தான் ஏறின!

இப்படிப்பட்ட பாதைக்கு ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆசை வரும். "முன் ஸ்பிரிங்கை நாலு இஞ்ச் தூக்கிட்டா கல்லு இடிக்காதுல்ல?" என்பதுதான் அது.

இடிக்காதுதான். ஆனால் வேறு வம்பு வரும்.

இரண்டு வகை

ஜீப்பின் முன்பக்கம் இரண்டு வகை. பழைய வகையில், இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்சில் சேர்த்துப் பிடிக்கும். ஒரு சக்கரம் கல் மேல் ஏறினால் டிபரன்சியல் பெட்டியும் கூடவே ஏறும். அடி படுவது குறைவு. உடைந்தாலும் ஊர்ப் பட்டறையில் சரி செய்துவிடலாம். 1985ல் வந்த மாருதி ஜிப்சி இந்த ரகம், பட்டை ஸ்பிரிங். 2023ல் வந்த ஜிம்னியிலும் ஒரே ஆக்சில்தான். ஆனால் சுருள் ஸ்பிரிங்.

புது வகையில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஆடும். மகிந்திரா தார் 2010ல் வந்தபோதே முன்பக்கம் இந்த ஏற்பாடுதான். முறுக்குக் கம்பியே ஸ்பிரிங் வேலையைப் பார்த்தது. 2020ல் வந்த தாரில் மேலும் கீழும் இரண்டு கைகள், நடுவே சுருள் ஸ்பிரிங். குலுங்கல் குறைவு. ஆனால் வண்டி அமுங்கும்போது அடிவயிறும் தரையை நோக்கி இறங்கும்.

கணக்கு என்ன?

ஸ்பிரிங் வேலை பட்டறையில் தொடங்குவதில்லை, எடைமேடையில் தொடங்குகிறது.

ஒரு முன் சக்கரத்தின் மேல் 400 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரத்துக்கு ஸ்பிரிங் 10 செ.மீ. அமுங்கினால், வண்டி வினாடிக்கு சுமார் ஒன்றரை முறை ஆடும். இது உடம்பு தாங்கும் ஆட்டம். "கெட்டியா இருக்கட்டும்" என்று நாலு மடங்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டால் இரண்டரை செ.மீ.தான் அமுங்கும். ஆட்டம் இரு மடங்காகி வினாடிக்கு மூன்று முறையைத் தாண்டும். இடுப்பு ஒடிந்துவிடும்! சக்கரமும் பள்ளத்தில் இறங்காமல் அந்தரத்தில் சுற்றும்.

தானே திரும்பும் ஸ்டியரிங்

உயரத்தை மட்டும் ஏற்றினால் ஸ்டியரிங் கம்பி சாய்ந்துவிடும். சக்கரம் ஒரு வளைவில் ஏறி இறங்க, கம்பி வேறு வளைவில் போகும். பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவர் திருப்பாமலே வண்டி திரும்பும். மலை விளிம்பில் இது உயிருக்கே ஆபத்து. பிரேக் குழாய் நீளம் பற்றாமல் இழுபடும். முன் ஷாப்ட்டின் மூட்டு சீக்கிரம் தேயும்.

கவிழும் ஆபத்தும் கூடும். சக்கரங்களின் இடைவெளி 130 செ.மீ., பாரத்தின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. என்றால், நிற்கிற வண்டி சுமார் 43 டிகிரி பக்கச் சரிவில் கவிழும். மையம் 10 செ.மீ. உயர்ந்தால் 39 டிகிரியிலேயே கவிழும். ஓடுகிற வண்டி, அதுவும் கூரையில் மூட்டை ஏற்றிய வண்டி, இன்னும் சீக்கிரம் சாயும்.

சட்டம் சொல்வது

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக்கூடாது என்கிறது 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரலாம்.

சொந்தமாக வடிவமைக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2007 முதல் நடந்து வரும் 'பாஹா' போட்டியில், என்ஜினீயரிங் மாணவர்கள் ஒற்றை ஆள் வண்டியைத் தாங்களே செய்து மேடு பள்ளத்தில் 4 மணி நேரம் ஓட்டுகிறார்கள். முன் சக்கரம் எத்தனை அங்குலம் ஏறி இறங்க வேண்டும் என்று முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் இரும்பைத் தொடுகிறார்கள்.

முதலில் செய்ய வேண்டியது

ஏரியூர்ப் பக்கத்து ஜீப்காரர்களுக்கும் பாடம் அதுதான். செத்துப்போன ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள். ஒடிந்த பட்டையையும் தேய்ந்த புஷ்ஷையும் கம்பெனி அளவிலேயே போடுங்கள். டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். பாதி இடி அதிலேயே அடங்கிவிடும்.

மலையிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்புக்கு வேண்டியது உயரம் அல்ல. டிரைவர் திருப்பின பக்கம் திரும்பி, மிதித்த இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்!