வலசைப் பறவைகளும் நாடுகளின் செய்திப் பரிமாற்றமும்

மும்பைத் தீவுக்கும் அதன் கிழக்கே அமைந்த நவி மும்பைக்கும் இடையே தாணே கடற்கழி பரந்து கிடக்கிறது. மான்கூர்டிலிருந்து வாஷிக்குப் பாலத்தின் வழியே செல்வோர், நீர் வற்றும் வேளையில் இருகரையிலும் அலையாத்திக் காடுகளையும், அவற்றை அடுத்து அகன்ற சேற்றுநிலத்தையும் காணலாம். பனிக்காலந்தொட்டுக் கோடையின் இறுதிவரை இச்சேற்றுநிலம் பூநாரைகளால் இளஞ்சிவப்பு நிறம் பெறுகிறது. சில ஆண்டுகளில் இவற்றின் தொகை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. கழியின் மேற்குக் கரையில் ஏறத்தாழ 1,690 ஹெக்டேர் பரப்பை மகாராஷ்டிர அரசு 2015ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் இக்கடற்கழி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது.

பூநாரையின் அழகில் மனத்தைப் பறிகொடுப்போர், அதன் காலடியில் ஓடித்திரியும் சிறு பறவைகளைக் கவனிப்பதில்லை. கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் முதலிய இவை, வடதுருவத்தை அடுத்த சைபீரியச் சமவெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, பல நாடுகளைக் கடந்து இங்கு வந்து சேர்கின்றன. ஆதலின், வாஷியின் கரையில் ஒருவர் காணும் பறவை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அதன் வாழ்க்கையின் ஒரு பகுதியையே அவர் காண்கிறார். எஞ்சிய பகுதிகளைப் பிற நாட்டார் காண்கின்றனர். இவ்விருசாராரும் தாம் கண்டதை ஒருவருக்கொருவர் தெரிவித்தாலன்றிப் பறவையின் முழு வரலாறு எவருக்கும் கிட்டாது.

வளையமிடும் முறை

பறவையின் காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையத்தைப் பூட்டி விடுவிக்கும் முறையை, டென்மார்க் நாட்டு ஆசிரியரான மார்டென்சன் 1899ஆம் ஆண்டில் தொடங்கினார். இந்தியாவில் இப்பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927 முதல் மேற்கொண்டு வருகிறது. அதன் வளையங்களில் எண்ணுடன், கழகத்துக்குத் தெரிவிக்குமாறு வேண்டும் ஆங்கில வாசகமும் பொறிக்கப்பட்டிருக்கும்.

வளையத்தில் உள்ளது வெறும் எண்ணே. பறவையின் இனம், பிடிபட்ட நாள், இடம், எடை ஆகியவை வளையமிட்டோரின் பதிவேட்டில் உள்ளன. பறவையைப் பின்னர்க் கண்டவரிடம் இருப்பதோ கண்ட இடமும் நாளும் மட்டுமே. இவ்விரண்டும் ஒன்று சேரும் கணத்தில்தான் வலசைப் பாதை வரைபடத்தில் கோடாக உருப்பெறுகிறது. ஐரோப்பிய நாடுகளின் வளையமிடும் நிலையங்கள் 1963இல் ஒரு கூட்டமைப்பை நிறுவி, எல்லா நாட்டுக் குறிப்புகளும் ஒரே வடிவில் எழுதப்படுவதற்கான பொதுக் குறியீட்டு முறையை வகுத்ததன் நோக்கமும் இதுவே.

இந்தியாவில் இப்பணி பெருமளவில் வளர்ந்ததற்கு ஒரு நோயே காரணமாயிற்று. 1957ஆம் ஆண்டில் மைசூர் இராஜ்யத்தின் ஷிமோகா மாவட்டக் காடுகளில் குரங்குகளையும் மனிதரையும் ஒரு புதிய காய்ச்சல் தாக்கியது. அதன் கிருமி ருஷ்யாவில் உண்ணிகளால் பரவும் நோய்க்கிருமியை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில், 1959 முதல் சலீம் அலியின் தலைமையில் பெருந்திரளான பறவைகள் வளையமிடப்பட்டன. பறவைகளே நோயைக் கொணர்ந்தன என்பது நிரூபணமாகவில்லை. எனினும், எந்தப் பறவை எத்திசையிலிருந்து வருகிறது என்ற அறிவு அம்முயற்சியால் பெருகிற்று.

பிந்திய செய்தியும் காலத்தில் கிட்டிய செய்தியும்

செய்தி காலத்தில் கிட்டாவிடில் நேரும் இழப்புக்குச் சைபீரியக் கொக்கு ஓர் உதாரணம். 1964–65 பனிக்காலத்தில் ராஜஸ்தானத்துப் பரத்பூரில் சுமார் 200 கொக்குகள் காணப்பட்டன. அவை குஞ்சு பொரிக்கும் இடமும், தங்கிச் செல்லும் நீர்நிலைகளும், வேட்டைக்கு இரையாகும் இடங்களும் வெவ்வேறு நாடுகளில் இருந்தன. இவற்றைக் காக்கும் பொருட்டு நாடுகளிடையே ஓர் உடன்படிக்கை 1993இல் உருவானபோது, பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த கூட்டத்தில் ஒரு சிலவே எஞ்சியிருந்தன. 2002க்குப் பின் அவை அங்கு வரவில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சி நாகாலாந்தில் நிகழ்ந்தது. சைபீரியாவின் தென்கிழக்கிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரிக்கும் அமூர் வல்லூறுகள், தென் ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வழியில் வோகா மாவட்டத்து தோயாங் நீர்த்தேக்கத்தில் தங்குகின்றன. 2012இல் அங்கு இவை பல்லாயிரக்கணக்கில் வலையிட்டுக் கொல்லப்படுவது வெளியாயிற்று. கிராம மக்களும், அரசும், தொண்டு நிறுவனங்களும் முன்வந்ததன் பயனாக மறு ஆண்டே வேட்டை நின்றது. 2013 நவம்பரில் இந்திய வனஉயிரின ஆய்வு நிறுவனத்தினரும் ஹங்கேரிய வல்லுநரும் சேர்ந்து மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினர். நாகா, வோகா, பங்டி எனப் பெயரிடப்பட்ட அப்பறவைகள் அரபிக்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவை அடைந்த செய்தி கிடைத்தது. தம் ஊர்ப் பறவை கடல்கடந்து செல்வதை மக்கள் அறிந்தபின், முன்னர் வலைவீசிய ஊரே அதற்குக் காவலாயிற்று.

செம்பூரில் அகப்பட்ட புறா

வாஷிக்கு எதிர்க்கரையிலுள்ள செம்பூரில், பீர்பாவ் துறையருகே, 2023 மே மாதத்தில் கால்களில் வளையங்களும் சிறகுகளில் சீன எழுத்தை ஒத்த எழுத்துக்களும் கொண்ட புறா ஒன்று பிடிபட்டது. வேவு பார்க்க வந்ததோ என்ற ஐயத்தால் அது பரேல் மிருக வைத்தியசாலையில் வைக்கப்பட்டது. விசாரணையில் அது தைவான் நாட்டுப் பந்தயப் புறா எனத் தெளிவாயிற்று. எட்டு மாதங்களுக்குப் பின்னர், 2024 ஜனவரியில் அது பறக்கவிடப்பட்டது. அப்புறா வனப்பறவையன்று, எனினும் அந்நிகழ்ச்சி தரும் பாடம் எல்லாப் பறவைகளுக்கும் பொருந்தும். வளையத்தைப் படித்து உரிய இடத்துக்கு எழுதும் வழி எங்கும் அறியப்பட்டிருந்தால் ஐயத்துக்கு இடமே குறையும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

உயிருள்ள பறவையின் வளையத்தை ஒருபோதும் கழற்றலாகாது. அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் ஒன்றுவிடாமல் குறித்து, இயன்றால் புகைப்படமும் எடுத்தல் வேண்டும். காலில் வண்ணக்கொடி இருப்பின், அதன் நிறம், எந்தக் காலில் உள்ளது, மேலுள்ள நிறம் எது, கீழுள்ளது எது என்பவற்றைக் குறித்தல் அவசியம். நிற வரிசையே வளையமிட்ட நாட்டையோ இடத்தையோ காட்டும். நாள், இடம், பறவையின் நிலை ஆகியவற்றுடன் இச்செய்தியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம். பிறநாட்டு வளையமாயினும் கழகத்தின் மூலம் அது உரியவரைச் சென்றடையும். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், ஆசிரியர்கள் தம் ஊர் ஏரியையும் மாணவரைக் கொண்டு சேர்க்கலாம்.

மத்திய ஆசிய வலசைப் பாதையில் 30 நாடுகள் அமைந்துள்ளன. 2024இல் சமர்கந்தில் கூடிய வலசை உயிரினங்கள் பற்றிய மாநாடு, இப்பாதைக்கென ஒரு பொது முயற்சியை ஏற்று, அதன் ஒருங்கிணைப்பு நிலையத்தை இந்தியாவில் அமைக்க இசைந்தது. ஆயினும் மாநாட்டு மண்டபத்தில் பரிமாறப்படும் அறிவனைத்தும் ஏதோ ஒரு கரையில் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதிய வரிகளிலிருந்தே திரட்டப்படுகிறது. அவ்வரி பிழையின்றி எழுதப்பட்டு உரிய காலத்தில் அனுப்பப்படுமாயின், வாஷியின் சேற்றில் இரை தேடும் சிறு உள்ளானுக்குச் சைபீரியாவிலும் பாதுகாப்புத் தேட வழி பிறக்கும்.