ஊசிப் பயமும் பிரசவ வலியும்: எபிடூரல் பற்றி முன்கூட்டியே முடிவெடுப்போம்



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்குச் சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம், தலைப்பிரசவம். இரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு முறை வாங்கியும் லேப் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாள் என்று உடன் வந்த மாமியார் குறைப்பட்டுக்கொண்டார். முதல் முறை ஊசியைப் பார்த்ததுமே கண் இருட்டி, நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாளாம். மாமியார் வெளியே போன பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

“லாத்தா, என்னால வலியும் தாங்க முடியாது, ஊசியும் தாங்க முடியாது. வலி தெரியாம இருக்க முதுகுல ஊசி போடலாம்னு டாக்டர் சொல்றாங்க. அதை நெனச்சாலே தூக்கம் வரல.”

பிரசவ அறையில் பதினாறு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். இதே பயத்தைப் பலரிடம் கண்டிருக்கிறேன். பெரும்பாலோர் அதை வெளியே சொல்வதில்லை. “பிள்ளை பெறப் போறவ ஊசிக்குப் பயப்படலாமா?” என்று கேலி வரும் என்று மறைத்துவிடுகிறார்கள். கடைசியில் வலி உச்சத்துக்குப் போனபின், யோசிக்கவே முடியாத நேரத்தில், “வேணுமா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்க” என்ற கேள்வி வந்து நிற்கும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு எதுவானாலும் அதில் பாதி பயத்தின் முடிவாகவே இருக்கும். ஏழாம் எட்டாம் மாதத்திலேயே இதை உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில், எபிடூரல் என்றால் என்ன? நம் பெண்கள் பேச்சில் ‘முதுகு ஊசி’ என்று இரண்டு வெவ்வேறு ஊசிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். சிசேரியனுக்குப் போடுவது பெரும்பாலும் ஸ்பைனல். ஒரே ஊசி, உடனே இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். சுகப்பிரசவ வலிக்குப் போடுவது எபிடூரல். தண்டுவடத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே உள்ள சிறு இடைவெளியில் முடியளவு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள். கர்ப்பப்பையிலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்புகள் அங்கேயே மரத்துவிடுகின்றன. தாய் விழித்திருப்பாள், பேசுவாள், குழந்தை வரும் நேரத்தில் முக்கவும் செய்வாள்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான விஷயம் இது: ஊசி முதுகுக்குள் தங்குவதில்லை. குழாய் உள்ளே போனதும் ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள். முதுகில் ஒட்டியிருப்பது வளையக்கூடிய மெல்லிய குழாய் மட்டுமே. அதன்மேல் சாய்ந்து படுக்கலாம். பிறகு மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டால் அந்தக் குழாயிலேயே செலுத்துவார்கள், மறுபடி குத்த மாட்டார்கள். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, “அப்போ ஊசியோட படுத்துக் கிடக்க வேண்டியதில்லையா?” என்று கேட்டாள். ஒரு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கற்பனைதான்.

போடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கையில் டிரிப்ஸ் ஊசி ஒன்று கட்டாயம் போடுவார்கள். பிறகு கட்டிலில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிப்பிடித்து முதுகை வளைக்கச் சொல்வார்கள். சிலரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தும் போடுவார்கள். முதுகைக் குளிர்ந்த மருந்தால் துடைத்தபின் மிக மெல்லிய ஊசியால் தோலை மரக்கச் செய்வார்கள். எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று எரியும் இந்தக் குத்துதான் பலருக்கும் கூடுதலாகத் தெரிவது. அதன்பின் போகும் பெரிய ஊசி பெரும்பாலும் அழுத்தமாக மட்டுமே தெரியும். குழாய் நுழையும்போது காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு வரலாம். வந்தால் அசையாமல், எந்தக் கால் என்று வாயால் சொல்லுங்கள். எல்லாம் ஒழுங்காக அமைந்தால் இது பத்துப் பதினைந்து நிமிட வேலை. வலி அடங்க மேலும் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். எல்லாம் முதுகுப் பக்கம் நடப்பதால் ஊசியைக் கண்ணால் பார்க்கவே வேண்டியதில்லை என்பது பயந்தவர்களுக்கு ஒரு ரஹ்மத்.

இடுப்பு வலி வரும்போது அசையாமல் இருக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் ஊசியை நகர்த்துவார்கள். வலி ஏறுவது தெரிந்தால் “வருது” என்று சொல்லுங்கள், டாக்டர் கையை நிறுத்திக்கொள்வார்.

இனி பயத்தைப் பற்றி. ஊசிப் பயத்தில் இரண்டு வகை உண்டு. சிலருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அவ்வளவுதான். வேறு சிலருக்கோ முதலில் படபடத்து, பிறகு திடீரென இரத்த அழுத்தம் இறங்கி மயக்கமே வந்துவிடும். இது உடம்பின் ஒரு தன்மை. தைரியக் குறைவு என்று யாரும் ஏசத் தேவையில்லை. இந்த இரண்டாவது வகைக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்ற சுவீடன் நாட்டு உளவியல் நிபுணர் 1980களில் இதைப் பரவலாக்கினார். கை, கால் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை. பிறகு அரை நிமிடம் தளர்த்த வேண்டும். இப்படி ஐந்து முறை. இரத்த அழுத்தம் இறங்காமல் இது தாங்கிப் பிடிக்கும். கர்ப்பிணிகள் வயிற்றை இறுக்காமல் கைகால்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். டிரிப்ஸ் போடும்போது ஊசி ஏறும் கையைத் தளர்வாக விட்டு மற்ற கையையும் கால்களையும் இறுக்கலாம். முதுகில் ஊசி போடும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, அப்போது உடம்பு அசையக் கூடாது. மயக்கம் வருகிறவர்கள் படுத்தபடி போடச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு உதவி, தோலை மரக்கச் செய்யும் களிம்பு. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் கலந்தது. ஒரு மணி நேரம் முன்பே பூசி, மேலே ஒட்டுத்தாள் ஒட்டிவைக்க வேண்டும். குழந்தைகளுக்கு இரத்தம் எடுக்கும்போது பயன்படுத்துவார்கள், பெரியவர்களும் கேட்கலாம். டாக்டர் சீட்டோடுதான் வாங்க வேண்டும்.

எங்களிடம் வந்த அந்தப் பெண் இரண்டையும் செய்தாள். எட்டாம் மாத இரத்தப் பரிசோதனைக்கு நான் கூடப் போனேன். களிம்பு பூசி, படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு கால்களை இறுக்கிப் பிடித்தாள். மயக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “முடிஞ்சிருச்சா?”

சரி, எபிடூரலில் கெடுதல் இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. இரத்த அழுத்தம் இறங்கலாம், அதனால்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அரிப்பு, நடுக்கம், சிலருக்குக் காய்ச்சல் வரலாம். கால் கனத்துப்போகும். சிறுநீர் தானாக வராமல் குழாய் வைக்க வேண்டிவரலாம். முக்கும் நேரம் சற்று நீளலாம். சுமார் நூறில் ஒருவருக்கு, உறையில் துளை விழுந்து, நிமிர்ந்து உட்கார்ந்தால் கடுமையாகும் தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு, பொறுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது. ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு வலி முழுமையாக அடங்குவதில்லை, குழாயைச் சரிசெய்யவோ மறுபடி போடவோ நேரும். நிலையான நரம்புப் பாதிப்பு மிக மிக அரிது. தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழேதான் ஊசி போடுகிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

“முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலிதான்” என்ற பேச்சு நம் வீடுகளில் கேட்காத நாளில்லை. ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், அது உண்மை. ஆனால் நெடுங்கால முதுகு வலிக்கு எபிடூரல் காரணமில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஊசியே போடாமல் பெற்றவர்களுக்கும் அதே அளவு முதுகு வலி வருகிறது. கர்ப்பத்தில் மூட்டு இணைப்புகள் தளர்ந்துபோவது, குனிந்தே பால் கொடுப்பது, பிள்ளையையும் தூக்கித் தண்ணீர்க் குடத்தையும் தூக்குவது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஊசியின் தலையில் பழியைப் போடுகிறோம். எபிடூரல் போட்டால் சிசேரியனில்தான் முடியும் என்பதும் அப்படித்தான். ஆய்வுகளில் சிசேரியன் எண்ணிக்கை கூடவில்லை.

ஊசிப் பயம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. எபிடூரல் வேண்டாம் என்று சொல்வதால் முதுகு ஊசியிலிருந்து நிச்சயமாகத் தப்பிவிட முடியாது. அவசரமாக சிசேரியன் தேவைப்பட்டால் அப்போது ஸ்பைனல் போட வேண்டிவரும், அதுவும் பதற்றமான நேரத்தில். நன்றாக வேலை செய்யும் எபிடூரல் குழாய் ஏற்கெனவே இருந்தால், பெரும்பாலும் அதிலேயே மருந்தைக் கூட்டி அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம்.

எல்லோருக்கும் இது போட முடியாது. இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போன்ற ஊசி போடுகிறவர்கள், முதுகில் புண் உள்ளவர்கள், முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இரத்தப் பரிசோதனை இதற்காகவும் அவசியம்.

மார்க்க ரீதியாகவும் கேட்கிறார்கள். வலியைத் தாங்கினால்தான் நன்மை, மருந்து எடுத்தால் குறைந்துவிடும் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். மருந்து செய்துகொள்வதை நம் மார்க்கம் தடுக்கவில்லை. மர்யம் (அலை) அவர்களின் பிரசவ வேதனையைக் குர்ஆன் சொல்கிறது. அந்த நேரத்தில் அவர்களுக்கு ஆறுதலும் நீரும் பேரீத்தம்பழமும் கிடைத்ததையும் சேர்த்தே சொல்கிறது. (வலியைக் குறைப்பது தவறு என்ற பேச்சு நம்மிடம் மட்டும் இருந்ததில்லை. பிரிட்டனில் 1847இல் சிம்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுத்தபோது அங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1853இல் விக்டோரியா ராணி குளோரோஃபார்ம் எடுத்துப் பிள்ளை பெற்றபின் அந்த எதிர்ப்பு தணிந்தது.)

ஆண் மருத்துவர் பற்றிய தயக்கமும் நியாயமானதே. மயக்கவியல் மருத்துவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முன்பே கேளுங்கள், பல ஊர்களில் கிடைக்கிறார்கள். கிடைக்காவிட்டாலும் இடுப்புக்கு மேலே சிறு பகுதி மட்டும் திறந்திருந்தால் போதும், மற்றதைத் துணியால் மூடலாம். தலைத்துணியை எடுக்க வேண்டியதில்லை. பெண் செவிலியர் கூடவே இருப்பார். அவசிய நிலையில் ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெற உலமாக்கள் இடம் தருகிறார்கள். சந்தேகம் இருந்தால் நம்பிக்கையான ஆலிமிடம் முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டியவை இவை. இங்கே எபிடூரல் உண்டா? இரவிலும் மயக்கவியல் மருத்துவர் இருப்பாரா, வெளியிலிருந்து வர வேண்டுமா, வர எவ்வளவு நேரம் ஆகும்? தனிக் கட்டணமா? ஊசிப் பயம் இருப்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பார்களா? சிறிய நர்சிங் ஹோம்களில் மயக்கவியல் மருத்துவர் வெளியிலிருந்துதான் வருவார். வலி மிகவும் முற்றியபின் கேட்டால் அவர் வருவதற்குள் பிள்ளை வந்துவிடும். ஆகவே வலி தொடங்கி அட்மிட் ஆகும்போதே சொல்லிவிட வேண்டும்.

வேண்டாம் என்று முடிவெடுப்பதும் முடிவுதான். முகமூடி வழியே இழுக்கும் வாயு, தசையில் போடும் வலி ஊசி, நடமாட்டம், இடுப்பை நீவிவிட ஒரு பெண் துணை என்று வேறு வழிகளும் உண்டு. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணை உடன் இருக்க அனுமதி இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எபிடூரல் வேண்டாமென்று சொன்ன ஒரு சகோதரி, தன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே பெற்றெடுத்தார். கணவரும் மாமியாரும் கருத்துச் சொல்லலாம். வலி யாருக்கோ அவர் சொல்வதுதான் முடிவு.

நம் பெண் எபிடூரலையே எடுத்தாள். நடு இரவு. முதல் தடவை சரியான இடம் கிடைக்காமல் இரண்டாம் தடவை போட வேண்டியிருந்தது. அழுதாள், ஆனால் அசையவில்லை. செவிலியர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே இருந்தாராம். முன்பே எழுதிவைத்ததன் பலன். இடது பக்கம் கொஞ்சம் வலி மிச்சமிருந்தது. குழாயைச் சற்று வெளியே இழுத்து மருந்து கொடுத்ததும் அடங்கியது. சுப்ஹுக்குச் சற்று முன் பெண் குழந்தை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் நான் பார்க்கப் போனபோது குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி போட வந்திருந்தார்கள். மாமியார் பேத்தியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெற்றவளோ போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.