பெர்ள் மொழியில் பெயரிலா வகுப்புகள்

பெயரிலா வகுப்பு என்பது நிரலர் தாமே பெயர் சூட்டாமல், நிரல் இயங்கும்போது தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும் வகுப்பு ஆகும். ஒரு வகுப்பின் பல பொருள்களுள் ஒன்றுக்கு மட்டும் தனிச் செயற்கூறு வேண்டியபோது இது பயன்படுகிறது. ஜாவா மொழியில் 1997இல் வந்த 1.1 பதிப்பிலிருந்து பெயரிலா உள் வகுப்புகள் உள்ளன. லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ள் மொழியில் அதற்கெனத் தனித் தொடரமைப்பு இல்லை. எனினும் 1994இல் வந்த பெர்ள் 5 தரும் வசதிகளைக் கொண்டே அதனை அமைக்கலாம்.

தேவை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் பகுதியில் வாகன ஆலைகள் பல உள்ளன. இத்தகைய ஆலை ஒன்றில் 40 இயந்திரங்களின் வெப்பநிலையை ஒரு பெர்ள் நிரல் கண்காணிப்பதாகக் கொள்வோம். நாற்பதும் 'இயந்திரம்' என்னும் ஒரே வகுப்பின் பொருள்கள். அவற்றின் உணரிகள் செல்சியசில் அளவு தருகின்றன. 17ஆம் இயந்திரத்தில் பொருத்தப்பட்ட புதிய உணரி மட்டும் பாரன்ஹீட்டில் தருகிறது. அப்படியே விட்டால் 60 பாகை வெப்பம் 140 என்று பதிவாகி, இயந்திரம் வீணாக நிறுத்தப்படும். வகுப்பின் செயற்கூற்றையே மாற்றினால் மற்ற 39 இயந்திரங்களிலும் 100 பாகை என்பது ஏறத்தாழ 38 எனக் குறையும். உண்மையான ஆபத்து கண்ணில் படாது. ஆகவே மாற்றம் ஒரு பொருளோடு நிற்க வேண்டும்.

செய்முறை

பெர்ளில் வகுப்பு என்பது ஒரு பேக்கேஜே. செயற்கூறுகள் பொருளுக்குள் இல்லை. பேக்கேஜின் பெயர் அட்டவணையில் உள்ளன. 'பிளெஸ்' கட்டளை பொருளைப் பேக்கேஜோடு இணைக்கிறது. எனவே பின்வரும் படிகள் போதும்:

1. எண்ணி ஒன்றைக் கொண்டு, வேறெங்கும் வராத பேக்கேஜ் பெயர் ஒன்றை ஆக்குதல்.
2. அதன் 'ஐஎஸ்ஏ' அணியில் மூல வகுப்பைச் சேர்த்து மரபுரிமை தருதல்.
3. புதிய செயற்கூற்றைக் குளோசராக எழுதி, அட்டவணையில் பதிதல். இதற்கு 'ஸ்ட்ரிக்ட்' கட்டுப்பாட்டின் சுட்டுப் பகுதியை அவ்விடத்தில் மட்டும் தளர்த்த வேண்டும்.
4. பொருளைப் புதிய பேக்கேஜில் மீண்டும் 'பிளெஸ்' செய்தல்.

உள்ளே ஒரு பெயர் இருந்தாலும் நிரலர் அதை அறிய வேண்டியதில்லை. இதனாலேயே இது பெயரிலா வகுப்பு எனப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

* 'சூப்பர்' என்னும் அழைப்பு, செயற்கூறு எழுதப்பட்ட பேக்கேஜின் பெற்றோரையே தேடும். பொருளின் புதிய வகுப்பைப் பார்க்காது. ஆதலால் மூலச் செயற்கூற்றை வகுப்புப் பெயருடன் முழுமையாக அழைப்பது நல்லது.
* பொருள் அழிந்தாலும் பேக்கேஜ் நினைவகத்தில் தங்கும். இரவு பகலாக ஓடும் நிரலில் இவை குவியும். 'சிம்பல்' கூறுநிரலின் பேக்கேஜ் நீக்கும் வசதியால் இவற்றை அகற்றலாம்.
* குளோசர் தன் பொருளையே பிடித்து வைத்திருந்தால் பொருள் ஒருபோதும் அழியாது. பொருளை முதல் அளபுருவாகப் பெறுவதே முறை.
* 'ரெஃப்' புதிய பெயரையே தரும். வகுப்பைச் சோதிக்க 'ஈசா' செயற்கூறே ஏற்றது.

மாற்று வழிகள்

2006இல் வெளியான மூஸ் தொகுதி பெயரிலா வகுப்பை உருவாக்கி, தேவை முடிந்ததும் அதைத் தானே நீக்குகிறது. 2023இல் வந்த பெர்ள் 5.38இன் புதிய 'கிளாஸ்' வசதியில் ஆக்கிய பொருள்களை மீண்டும் 'பிளெஸ்' செய்ய இயலாது. அங்கு இம்முறை பயன்படாது. மாறும் செயலைக் குளோசராகப் பொருளின் புலத்தில் வைத்து அழைக்க வேண்டும்.